குடிபெயர்ந்த பூனை

வீடு மாறுதல் எம்மவர்க்குப் புதிய அனுபவமன்று. இலங்கையின் வடபாகத்திலே, இன்று முப்பது வயதைக் கடந்துவிட்ட ஒருவர் தாம் பிறந்த வீட்டிலேயே இடையீடின்றி வாழ்ந்தேன் என்று சொல்லிக்கொள்வது அரிது. ஆயினும் வீடு மாறுதலிலும் இருவகை உண்டு. எறிகணைக்கு அஞ்சி உடுத்த உடையோடு ஓடுதல் ஒருவகை. வெளிநாட்டிலிருக்கும் வீட்டுச் சொந்தக்காரர், 'காணியை விற்கப் போகிறேன், மூன்று மாதத்தில் எழும்புங்கள்' என்று தொலைபேசியிலே சொல்ல, சட்டி பானைகளைக் கட்டிக்கொண்டு புறப்படுதல் மற்றொரு வகை. முதல்வகை பற்றி எமது எழுத்தாளர் நிறையவே எழுதிவிட்டனர். இரண்டாம் வகையை எழுதினோர் குறைவு. அதிலே அலைச்சல் உண்டேயன்றி வீரம் இல்லை என்பது காரணமாகலாம். நாம் இங்கு எழுதப் புகுந்தது அந்த இரண்டாம் வகையைப் பற்றி. இதன் நாயகி ஒரு பூனை.

முற்போக்குச் சஞ்சிகையிலே பூனைக்கு என்ன வேலை என்று வாசகர் சிலர் நெற்றியைச் சுருக்கக்கூடும். சற்றுப் பொறுத்தருளுக.

அந்தப் பூனையை நாம் வளர்த்தோம் என்பது முழு உண்மையன்று. ஏழாண்டுகளுக்கு முன்பு ஒரு மாரிகாலத்து அதிகாலையில், நனைந்த உடலோடு எமது குசினியின் பின்தாழ்வாரத்துக்கு அது தானாகவே வந்து சேர்ந்தது. வெள்ளை உடம்பிலே கறுப்பும் செம்மஞ்சளும் திட்டுத்திட்டாய்ப் படர்ந்த பெண்பூனை. மூவண்ணப் பூனைகள் அநேகமாக எல்லாமே பெண்ணாயிருப்பது ஏன் என்பதை எம்முடன் உயிரியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் விளக்கினார். கறுப்பையோ செம்மஞ்சளையோ தரும் பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறதாம். இரு நிறமும் ஓருடலில் தோன்ற எக்ஸ் நிறமூர்த்தம் இரண்டு வேண்டுமாம். எம் தாயாருக்கு இந்த விஞ்ஞானம் தேவைப்படவில்லை. அவர் அதனைப் 'பூனையார்' என்று ஆணுக்குரிய மரியாதையோடு அழைத்தார். அதுவே பெயராகவும் நிலைத்துவிட்டது. இருமுறை குட்டி ஈன்றபின் மிருக வைத்தியரிடம் கொண்டுசென்று கருத்தடை செய்வித்தோம். விசர்நோய்த் தடுப்பூசியும் ஆண்டுதோறும் போடுவித்தோம். இவ்வளவுதான் எமது பராமரிப்பு. மற்றையபடி அது சுதந்திரப் பிரஜை. வீட்டுக்குள்ளே ஒருநாளேனும் உறங்கியதில்லை. வெயிலேறும்போது விறகுக் கொட்டில், வெயில் சாய்ந்தால் மதில், இரவானால் ஒழுங்கை முழுவதும் அதன் ஆட்சி. மீன் வியாபாரியின் மோட்டார் சைக்கிள் ஒலி ஒழுங்கை முகப்பிலே கேட்டதும், எங்கிருந்தாலும் வந்து அம்மியடியில் நிற்கும். சூடைமீன் தலை இரண்டு அதற்குரிய பங்கு.

தமிழ்ப் பாடம் படித்தவனுக்கு எதைக் கண்டாலும் நூல் நினைவு வருதல் ஒரு நோய். தொல்காப்பிய மரபியல் மூங்கா, வெருகு, எலி, அணில் என்பவற்றின் இளமைக்குக் 'குட்டி' என்ற பெயரை உரித்தாக்குகிறது. சங்கப் பாடல்களிலே வெருகு கோழிக்குப் பகையாகவும் தோன்றும். ஒக்கூர் மாசாத்தியாரின் குறுந்தொகைப் பாட்டில், மாலைப்பொழுதில் வேலியோரம் வந்த வெருகுக்கு அஞ்சி மனைக்கோழி தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. வெருகும் வேலியும் அன்றே கூடி வந்துவிட்டன. பாற்கடல் முழுவதையும் நக்கிவிடப் புகுந்த பூனையைத் தம் அவையடக்கத்துக்கு உவமையாக்கினார் கம்பர். தென்கலை வைணவரோ, குட்டியை வாயிற் கவ்விச் செல்லும் தாய்ப்பூனையை இறைவனின் அருளுக்கே எடுத்துக்காட்டினர். பூனை தன் குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்பது எம் கிராமத்து வாய்மொழி. ஆக, வீடு மாறுதல் பூனைக்குத் தெரியாத கலையன்று. ஆனால் அந்த மாற்றம் அதன் சொந்த முடிவு. பிறர் தூக்கிச் செல்லும் மாற்றம் அதற்கு வேறு விடயம்.

இதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. நாய் மனிதனோடு வேட்டைக்குச் சென்று நண்பனாயிற்று. பூனை அப்படி வரவில்லை. மேற்காசியாவிலே உழவர் தானியத்தைச் சேமிக்கத் தொடங்கியபோது களஞ்சியத்துக்கு எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்பிரஸ் தீவிலே மனிதனொருவனுக்கு அருகே புதைக்கப்பட்டிருந்த, ஏறத்தாழ 9,500 ஆண்டுப் பழமையுடைய பூனை எலும்புக்கூட்டை ஆய்வாளர் 2004இல் வெளியிட்ட கட்டுரையிலே அறிவித்தனர். அவ்வளவு நீண்டகாலப் பழக்கமிருந்தும் பூனையின் ஒப்பந்தம் ஆளோடு அல்ல, இடத்தோடுதான் என்று கிராமத்தார் சொல்வர். இது முற்றிலும் சரியன்று. ஆளையும் அது அறியும். எனினும் தான் உலாவும் எல்லையை மூலைமுடுக்கெல்லாம் மணத்தால் எழுதிவைத்துக்கொண்டு வாழும் பிராணி அது. அந்த எழுத்தை ஒரே நாளில் அழித்துவிட்டு, எழுத்தில்லாத ஓரிடத்திலே விட்டால் அது என்ன செய்யும்?

எழும்பும்படி சொல்லப்பட்டவர் முதலில் செய்ய வேண்டியது வீடு தேடுதல். பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்த காலத்திலே, 1972இல் வாடகைச் சட்டமும் 1973இல் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டமும் வந்தன. குடியிருப்போனுக்கும் ஓர் உரிமை உண்டென்று இந்நாட்டின் இடதுசாரிகள் நினைத்த காலம் அது. நாம் வீடு தேடிய காலம் வேறு. ஓரிடத்தில் ஓராண்டு வாடகையை முற்பணமாகக் கேட்டனர்; அது ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாது. இன்னோரிடத்தில், 'நாய் பூனை இல்லைத்தானே?' என்பதே முதற் கேள்வி. மூன்றாவது வீடு எல்லாவகையிலும் பொருந்தியது. கிணற்று நீரும் நல்ல நீர். வீட்டுக்காரர் தேநீர் தந்து, எமது பாடசாலையை விசாரித்து, பட்டத்தை விசாரித்து, பின்னர் குரலைத் தாழ்த்தி, "தம்பி குறை நினைக்கக்கூடாது, சொந்த இடம் எவடம்? ஆற்றை பகுதி?" என்றார். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இந்நாட்டில் நிறைவேறியது 1957இல். சட்டம் கோயிலுக்கும் தேநீர்க் கடைக்கும் போய்ச் சேர்ந்தது. விறாந்தையிலே தாழ்ந்த குரலில் கேட்கப்படும் கேள்வியை அது எட்டவில்லை. நாம் மறுமொழி சொல்லாது எழுந்து வந்தோம். அந்தக் கிணற்று நீரைப் பற்றி எம் துணைவியார் இன்றும் பேசுவதுண்டு.

ஐந்தாவது வீடு வாய்த்தது. பழைய வீட்டிலிருந்து ஒன்றரை மைல். முன்பக்க வீட்டிலே ஓய்வுபெற்ற உத்தியோகத்தரான சொந்தக்காரர், பின்பக்க வீட்டிலே நாம். ஓராண்டு ஒப்பந்தம். பூனைக்கு அவர் தடை சொல்லவில்லை, எலித்தொல்லை இருந்தது. கையொப்பமிட்டபின் வளவைச் சுற்றிக் காட்டியவர், பின்வேலியடியில் நின்று, "அந்தப் பக்கத்துச் சனத்தோடை மட்டும் அவ்வளவு புழக்கம் வையாதேங்கோ, மாஸ்ரர்" என்றார். "என்னட்டைப் படிக்கிற பிள்ளையள் அங்கையும் இருப்பினம், ஐயா" என்றோம். அவர் சிரித்துவிட்டு வேறு கதைக்குப் போனார். அந்தச் சிரிப்பு எமக்குப் பிடிக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறோம்.

இனி, பூனையை எடுத்துச் செல்வதா, விட்டுச் செல்வதா என்ற கேள்வி. எம் தாயார் விட்டுச் செல்ல வேண்டுமென்றார். துணைவியார் எடுத்துச் செல்ல வேண்டுமென்றார். இருவரையும்விட உரிமையுள்ள மூன்றாமவர் ஒருவர் இருந்தார். அவரே ஒழுங்கை மூலைவீட்டு ஆச்சி.

ஆச்சிக்கு வயது எழுபத்தெட்டு. மயிலிட்டியிலே கடற்றொழிற் குடும்பத்திற் பிறந்தவர். 1990 ஜூன் மாதத்திலே வலிகாமம் வடக்கு மக்கள் எழுந்து ஓடியபோது ஓடி வந்தவர். நலன்புரி நிலையத்திலே பல ஆண்டுகள் கழித்து, பின்னர் உறவினர் ஒருவரின் இந்தச் சிறு வீட்டிலே தங்கியவர். 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டபோது முதல்நாளே போய் நின்றார். அவருடைய காணி முட்கம்பிக்கு அப்பாலேதான் இருந்தது. இதை எழுதும்போதும் அங்கேதான் இருக்கிறது. பூனையார் மதியம் இரண்டு மணிக்கு அவர் வீட்டு வாசலில் இருப்பார். அங்கே அதற்கு ஒரு தகரக் கோப்பையும், பழஞ்சீலை விரித்த மூலையும் உண்டு. நாம் காலையில் கொடுத்த இரண்டு தலைகளை நினைத்துக்கொண்டு 'எமது பூனை' என்றோம். அவர் மதியச் சோற்றை நினைத்துக்கொண்டு 'என்ரை பூனை' என்றார். பூனையோ எவரது பத்திரத்திலும் கையொப்பம் வைக்கவில்லை. உடைமையைப் பற்றி நாம் மேடைகளிலே எவ்வளவோ பேசியிருக்கிறோம். பொதுவில் இருக்கும் ஒன்றிலே ஒருவர் தம் பங்கைப் பிரித்தெடுத்துச் செல்லும்போது மற்றவரின் பங்கு என்னாகிறது என்பதை, கூலி உழைப்பும் மூலதனமும் பற்றிய எந்த வகுப்பும் எமக்கு இவ்வளவு கூர்மையாகக் காட்டியதில்லை.

ஆகவே அவரிடமே கேட்பது என்று தீர்மானித்தோம். நாம் கேட்டபோது ஆச்சி உடனே பேசவில்லை. பாக்குவெட்டியை எடுத்துப் பாக்கைச் சீவினார்.

"எனக்கு எழுவத்தெட்டுத் தம்பி. நாளைக்கு நான் கண்ணை மூடினால் அது ஆற்றை வாசலிலை போய் நிக்கிறது? காணியை வாங்கிறவன் கொட்டிலையும் இடிப்பான். கொண்டு போங்கோ. ஆனால் சாக்கிலை கட்டாதேங்கோ."

பூனையைச் சாக்கிலே கட்டி, திசை தெரியாதவாறு சுற்றி எடுத்துச் சென்று விடுவது இங்கு வழமை. மீன்சந்தையடியிலும் கோயில் வீதியிலும் அவ்வாறு இறக்கிவிடப்பட்ட பூனைகள் அநேகம். சாக்கு ஏன் கூடாது என்று கேட்டோம்.

"வழி தெரியாமல் கொண்டு போறது பாவம். நாங்கள் வந்த ராத்திரி எனக்கு ஒரு வழியும் தெரியேல்லை. பிறகு எத்தினையோ வரியம் கனவிலை வழி தேடினனான்."

சந்தையிலே மரக்கறி ஏற்றும் பிளாஸ்ரிக் கூடை இரண்டை வாங்கி, ஒன்றன்மேல் மற்றொன்றைக் கவிழ்த்துக் கம்பியாற் பிணைத்து ஒருபுறம் திறக்கக்கூடியதாக்கினோம். புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பே அதனைப் பின்தாழ்வாரத்தில் திறந்தபடி வைத்து, அது படுத்துப் பழகிய சாக்கைத் துவைக்காமலே உள்ளே விரித்து, சூடைத்தலையையும் அங்கேயே போட்டோம். முதல்நாள் தலையை வெளியே இழுத்துவந்து தின்றது. ஐந்தாம் நாள் உள்ளேயே உறங்கியது. பழைய முற்றத்து மணலிலே ஒரு கடகம் அள்ளி வைத்துக்கொண்டோம். மலங்கழிக்கத் தன் மண் இருந்தால் புது அறையைப் பூனை விரைவில் ஏற்கும் என்று மிருக வைத்தியர் சொல்லியிருந்தார். கூடையைத் துணியால் முழுதும் மூடினால் பிராணி அமைதியாக இருக்கும் என்பதும் அவர் கூற்று. நாம் மூன்று பக்கத்தை மூடி, ஆச்சிக்காக ஒரு பக்கத்தைத் திறந்து விட்டோம். விஞ்ஞானத்துக்கும் ஆச்சிக்கும் இடையே அவ்வளவு சமரசம் செய்யலாம்.

சாமான்களைப் 'பட்டா' வாகனம் இரண்டு தடவையிலே ஏற்றிமுடித்தது. புத்தகப் பெட்டிகளைத் தூக்கிய இளைஞர் எமது துறையைச் சபித்திருப்பார். எல்லாம் போனபின், கடைசியாக, துணைவியார் மடியிலே கூடையோடு ஓட்டோவில் புறப்பட்டோம். ஒன்றரை மைலும் அது கத்திய கத்தலைப் பூனையின் குரல் என்று எவரும் நம்பமாட்டார்.

புதுவீட்டின் பின்னறை ஒன்றை அதற்கு ஒதுக்கி, ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்தோம். மூன்று கிழமை வெளியே விடலாகாது என்பது வைத்தியரின் கட்டளை. இரு நாள் அலுமாரிக்கு அடியிலிருந்து வரவில்லை, உண்ணவுமில்லை. மூன்றாம் நாள் இரவு தட்டு காலியாயிற்று. நான்காம் நாள் கதவு மூலையிலும் கட்டிற் காலிலும் கன்னத்தைத் தேய்க்கத் தொடங்கியது. பூனையின் கன்னத்திலும் தாடையிலும் மணச்சுரப்பிகள் உண்டு. அந்த மணத்தைப் பூசிய பொருளை அது தன்னதாகக் கொள்ளும். அழிந்த எழுத்தை மீண்டும் எழுதத் தொடங்கிவிட்டது என்று மகிழ்ந்தோம். ஆனால் மாலை நேரங்களிலே ஜன்னற் படியில் ஏறி, தென்மேற்கு நோக்கி அசையாமல் இருக்கும். பழைய வீடு அந்தத் திசையிலேதான் இருந்தது.

ஒருநாள் அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டு நின்ற எம் தாயார், "தொண்ணூற்றைஞ்சிலை எங்கடை சாம்பல் பூனையும் இப்பிடித்தான் பாத்துக்கொண்டு நிண்டிருக்கும்" என்றார்.

1995 ஒக்டோபர் 30. எமக்கு அப்போது ஏழு வயது. வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே எழுந்து, செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் அடிமேல் அடிவைத்துத் தென்மராட்சிக்கு நகர்ந்தனர். மழை பெய்தது. எம் தாயார் கடைசியாகச் செய்த காரியம், பானையிலிருந்த சோற்றையெல்லாம் குசினித் திண்ணையிலே கொட்டி, ஜன்னலைத் திறந்து விட்டது. 1996 மே மாதம் திரும்பியபோது கூரையில் பாதி இல்லை, பூனையும் இல்லை. அடுப்பைக் கூட்டப்போன தாயார் கையை எடுத்துக்கொண்டு நின்றதை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஆறியிருந்த சாம்பலிலே, ஓர் உடல் சுருண்டு படுத்த அளவுக்கு வட்டமாக ஒரு பள்ளம் இருந்தது. அடுப்பிலே பூனை உறங்குதல் என்பது வறுமையைச் சொல்லும் வழக்கு என்று பின்னர் வகுப்பிலே கற்றோம். இப்போது மாணவர்க்குக் கற்பித்தும் வருகிறோம். தாயார் அதற்குக் கொண்ட பொருள் வேறு. அன்று முழுவதும் அவர் அடுப்பை மூட்டவில்லை.

இதை எழுதும்போது இன்னொரு ஒக்டோபர் 30 நினைவுக்கு வராமற் போகாது. அதற்குச் சரியாக ஐந்தாண்டு முன்பு, 1990இல், அதே திகதியிலே யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினர். புத்தளத்தின் தென்னந்தோப்புக் குடிசைகளிலே அவர்கள் பல்லாண்டு கழித்தனர். அவர்களுடைய குசினிகளிலும் பூனைகள் இருந்திருக்கும். எமது இடப்பெயர்வை மட்டும் எழுதி அவர்களுடையதை எழுதாது விடுகின்ற பேனாவிலே நேர்மை இல்லை.

இருபத்திரண்டாம் நாள், மாலைச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பாகக் கதவைத் திறந்தோம். பசியோடு விட்டால் தூரம் போகாது என்பது உபாயம். அது முற்றத்தைச் சுற்றியது, கிணற்றடியை மோந்தது, தட்டின் ஒலி கேட்டதும் திரும்பியது. ஐந்து நாள் இவ்வாறே நடந்தது. ஆறாம் நாள் இரவு வரவில்லை. மறுநாள் பாடசாலை இடைவேளையின்போது ஆச்சியின் தொலைபேசி: "பூனையார் வந்திருக்கிறார், தம்பி. காலெல்லாம் சேறு."

ஒன்றரை மைல், இடையிலே பிரதான வீதி, புகையிரதப் பாதை, எண்ணற்ற நாய்கள். பூனை வழியறியும் திறனை ஆய்வாளர் நெடுநாளாகவே ஆராய்ந்துள்ளனர். அமெரிக்காவில் ஹெரிக் என்பவர், குட்டிகளைப் பிரித்துச் சில மைல் தூரம் கொண்டு செல்லப்பட்ட தாய்ப்பூனை ஒன்று திரும்பத் திரும்ப வீடு வந்து சேர்ந்ததை 1922இல் எழுதினார். ஜேர்மனியிலே 1954இல் பல வாயில்களுடைய கூடமொன்றில் பூனைகளை விட்டுப் பார்த்தபோது, வீட்டுத் திசையிலுள்ள வாயிலை அவை அதிகமாகத் தெரிந்தெடுத்தன. எப்புலனால் என்பது இன்னும் முடிந்த முடிபாக விளங்கவில்லை. எமது பூனைக்குக் கூடையின் திறந்த பக்கம் உதவியிருக்கும் என்பது ஆச்சியின் கட்சி. அதை அவர் பெருமையோடுதான் சொன்னார்.

மீள்குடியேற்றம் பற்றி அதிகாரிகள் பேசும் மொழியை நாம் கேட்டிருக்கிறோம். மாற்றுக் காணி, வீட்டுத்திட்டம், மாதிரிக் கிராமம். 2012இல் மெனிக் முகாம் மூடப்பட்டபோது கேப்பாப்பிலவு மக்களுக்கு அவர்களின் சொந்த நிலத்தைக் கொடாது, அருகே 'மாதிரிக் கிராமம்' ஒன்றைக் கொடுத்தனர். சொந்த வளவு கண்ணுக்கெட்டிய தூரத்திலே இராணுவத்தின் கையில். அந்த மக்கள் 2017இல் முகாம் வாயிலிலேயே பந்தலிட்டு அமர்ந்தனர். 1992இல் இரணைதீவிலிருந்து பெயர்ந்து முழங்காவிற் பக்கம் இரணைமாதா நகரிலே கால்நூற்றாண்டு வாழ்ந்த மீனவக் குடும்பங்கள், 2018 ஏப்பிரில் 23ஆம் திகதி வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் ஏறித் தம் தீவுக்குத் தாமே போயிறங்கின. கூரையும் மலசலகூடமும் கொடுத்துவிட்டோமே, இன்னும் ஏன் அங்கே போக வேண்டும் என்று கேட்போர், மனிதரைப் பூனையின் அளவுக்கேனும் மதிக்கவில்லை. மண்ணின் மீதுள்ள பற்றெல்லாம் நிலவுடைமை மனோபாவம் என்று எளிதாகத் தள்ளிவிடும் தோழர்களும் எம்மிடையே உண்டு. கடலும் படகும் துறையும் உழைப்பவனின் உற்பத்திக் கருவிகள் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

பூனையாரை மீண்டும் கூடையில் எடுத்துவந்து பத்து நாள் அறையிலே வைத்தோம். இம்முறை வைத்தியர் இன்னொன்றும் சொன்னார்: பழைய இடத்திலே எவரும் அதற்கு உணவு வைக்கலாகாது. இதை ஆச்சியிடம் சொல்ல வேண்டியவர் நாமே. சொன்னோம். அவர் "ஓம்" என்றார், அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் அது மறுபடியும் போயிற்று. அன்று தொலைபேசி வரவில்லை. அடுத்தநாள் விடிய ஐந்து மணிக்கு, எமது குசினிக் கதவடியிலே, வயிறொட்டிய நிலையில், தானாகவே வந்து நின்றது. அந்த வார இறுதியில் ஆச்சியைப் பார்க்கப் போனோம்.

"நான் கதவைச் சாத்திப்போட்டு உள்ளுக்கை இருந்தனான், தம்பி. ஒரு மணித்தியாலம் கத்தினது. பிறகு கத்தேல்லை. யன்னலாலை பாத்தன், ஒழுங்கையாலை போகுது. திரும்பிப் பாக்கேல்லை."

தகரக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். பேச வேறொன்றும் இல்லாததால், மயிலிட்டியில் அக்காலத்திலே மீன் எப்படிப் பட்டது என்று கேட்டோம். அவர் நெடுநேரம் சொன்னார்.

அதன்பின் பூனையார் பழைய ஒழுங்கைக்குப் போகவில்லை. ஆச்சி மாதத்தில் ஒருநாள் பஸ்ஸிலே வருகிறார்; ஒரு பையில் சூடை கொண்டு வருகிறார். தம்மைக் கண்டதும் அது ஓடிவரும் என எதிர்பார்க்கிறார். சிலநாள் வருகிறது, சிலநாள் மதிலிலிருந்தபடியே பார்க்கிறது.

புதிய எல்லையை அது எழுதிமுடித்தபோது, அதில் பின்வேலிக்கு அப்பாலுள்ள நான்கு வளவுகளும் அடங்கியிருந்தன. வேலியின் அடியிலே ஒரு பொட்டு இருந்தது. யாழ்ப்பாணத்து வேலிகளைப் பற்றிப் பெருமையாகவும் ஏளனமாகவும் பலர் எழுதியுள்ளனர். பொட்டைப் பற்றி எழுதினோர் அருமை. உப்பு, நெருப்பு, செய்தி எல்லாம் அயலுக்கு அயல் அதனாலேதான் போய் வந்தன. எங்கே வேலியிலே பொட்டே விடப்படுவதில்லையோ, அங்கே அந்த ஊரின் உண்மையான எல்லையைக் காணலாம். இந்தப் பொட்டை எவரும் விடவில்லை. கறையான் தின்று உண்டாக்கியது.

ஒருநாள் மாலை முன்படலையில் மணியோசை. எமது ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், பூனையை மார்போடணைத்துக்கொண்டு வெளியே நின்றான். அவன் வீடு எமது பின்வேலிக்கு அடுத்த வளவு. "சேர், உங்கடை பூனை எங்கடை கோழிக்கூட்டுக்கை நிண்டது. கோழிக்கு ஒண்டுமில்லை." வெருகு, வேலி, கோழி மூன்றும் இரண்டாயிரம் ஆண்டாக மாறவில்லை. வேலியால் இருபது அடியில் வரவேண்டியவன், ஒழுங்கையைச் சுற்றி அரைமைல் நடந்து வந்திருந்தான். பொட்டடியிலே நின்று கூப்பிட்டிருக்கலாமே என்றோம். "முன்வீட்டு ஐயா ஏசுவார், சேர்" என்றான். உள்ளே வா என்று இருமுறை சொல்ல வேண்டியிருந்தது. விறாந்தையிலே இருத்தி, தேநீர் கொடுத்தோம். நாம் குடிக்கும் கோப்பைகளிலே ஒன்றில். முன்வீட்டு ஜன்னற் சீலை ஒருமுறை அசைந்தது.

மறுநாள் சொந்தக்காரர் வந்தார். கோபமில்லாத குரல். "மாஸ்ரர், பூனையைச் சாட்டிக் கதை வளருது. அந்தப் பொட்டை நான் அடைப்பிக்கிறன்." அடைப்பித்தார், ஐந்தடித் தகரம். பூனையார் மூன்று நாள் அதன்முன் இருந்து யோசித்தார். நான்காம் நாள் கொய்யாமரத்தில் ஏறி, தகரத்துக்கு மேலாலே தாண்டினார். மாணவன் இப்போது செவ்வாயும் வியாழனும் வருகிறான். இலக்கணத்திலே அவனுக்குப் புணரியல் வசப்படவில்லை. அவனோடு அதே வளவுகளிலிருந்து இன்னும் இருவர் வருகின்றனர். முன்படலையால்தான் வருகின்றனர், மணியை இப்போது அடிப்பதில்லை.

வீட்டு ஒப்பந்தம் தை மாதம் முடிகிறது. புதுப்பிப்பது பற்றிச் சொந்தக்காரர் இதுவரை வாய்திறக்கவில்லை. பிளாஸ்ரிக் கூடை இரண்டையும் கம்பி அவிழ்க்காமலே பறணில் ஏற்றி வைத்திருக்கிறோம்.